மதினிக்கு, என் முகத்து எண்ணெய் பற்றி

சிலமலை,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

போடிமெட்டில் ஏலக்காட்டு மேஸ்திரி வீட்டு அம்மாவாக நல்லபடியாக இருந்து வரும் மதிப்புக்குரிய மதினி மொக்கம்மாள் அவர்களுக்கு, சிலமலையில் இருந்து உங்கள் தம்பி தவசியின் பெண்சாதி பொன்னுமணி கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் எருமையும் பெட்டைக்கோழியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கு உங்கள் சுகமும் அண்ணனின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்பதும் அறிய ஆசை. மூணாவது வரை படித்த கை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் கடுதாசி வந்து சேர்ந்தது. பொன்னுமணி துக்கத்தில் வாயடைத்துக் கிடப்பதாக ஜீப்பு ஓட்டும் காசிமாயன் வந்து சொன்னான், கேட்டதும் எனக்கு மனசு ஆறிவிட்டது, என் தம்பி வருசத் திவசத்தை உன் வீட்டிலேயே வைப்போம், அமாவாசைக்கு முதல் நாள் இறங்கி வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுச் சந்தோசப்பட்டேன். அப்புறம் பயந்துபோனேன். ஏன் என்றால் காசிமாயன் அண்ணன் வந்து பார்த்தது துக்கம் இல்லை மதினி, முட்டை.

இதை முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். பதினாறாம் நாள் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால நீங்க ஒண்ணு சொன்னீக. "என் தம்பி போயிச் சேர்ந்துட்டான், இவ முகத்தைப் பாரு, வெளக்கி வச்ச குத்துவெளக்கு மாதிரி மினுங்குது" ன்னீக. அன்னைக்கு நான் மூணு நாளாச் சோறு தொடலை. ஆனா அது முகத்துக்குத் தெரியலையே. அதோட விட்டீகளா, இந்தப் பொங்கல் கழிஞ்சு காசிமாயன் அண்ணன் ஜீப்புல ஏலக்காய் லோடு இறக்க வந்தப்ப சொல்லிவிட்டீக, துக்கமில்லாத முகம் பரிமாறுற எலைக்கு என் தம்பி வரமாட்டான், திவசத்தைப் போடிமெட்டுல என் வீட்லயே வச்சுக்கிறேன்னு. அவுக பொறந்தது உங்க கூட, சரி. ஆனா அவுக இருந்தது, உண்டது, மலைக்காய்ச்சல்ல கிடந்தது, கண்ணை மூடினது எல்லாம் இந்த வீட்ல. முதல் வருசச் சோத்தை அவுக வேற வாசல்ல போயித் தேடணும்னா எனக்குப் பொறுக்கலை. அதனால ராத்திரி பூரா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். முகத்தை மாத்திருவோம்.

என் முகம் பொறந்ததுல இருந்தே இப்படித்தான் மதினி. குங்குமம் வச்ச காலத்துல நெத்தியில வச்சது மத்தியானத்துக்குள்ள மூக்குக்கு இறங்கிரும். எண்ணெய் வடியிற தோலு முரட்டுத் தோலாவாவது இருக்கணும்ல, அதுவும் கிடையாது, ஈ உக்காந்துட்டுப் போன இடம் தடிச்சுக்கிரும். அழுதாலும் அதே கதைதான். பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் அக்கா அழுதா கன்னத்துல கோடு கோடாக் காஞ்சு கிடக்கும், பாத்ததும் ஆரும் அய்யோ பாவம்பாக. எனக்குக் கண்ணீரு நிக்கிறதே இல்லை, எண்ணெயில வழுக்கிக்கிட்டு ஓடிப்போயிருது. உங்க தம்பிக்கு மட்டும் இது குத்தமாப் பட்டதே இல்லை. ராத்திரி தண்ணி பாய்ச்சக் கிளம்பையில லாந்தரை எடுத்தேன்னா, "அது எதுக்கு வெட்டிச் செலவு, நீ முன்னால நட" ம்பாக.

சரி, எண்ணெய் முகத்துக்கு என்ன பூசலாம்னு ஊர்ல விசாரிச்சேன். எல்லார் வைத்தியமும் மஞ்சள்லதான் ஆரம்பிக்குது. "நல்ல கஸ்தூரி மஞ்சளா ஒரு துண்டு எடுத்து" ன்னு சொல்லிக்கிட்டே என் வெறுங்கழுத்தைப் பாப்பாக, அப்புறம் "எருமைக்கு இப்ப என்ன போடுறே" ன்னு பேச்சைத் திருப்பிருவாக. கருத்தம்மாள் அக்காதான் மஞ்சள் இல்லாம ஒரு வழி சொல்லுச்சு. பாசிப்பயறை மாவாக்கித் தண்ணியில குழப்பிப் பூசு, எண்ணெயெல்லாம் எடுத்துரும்னுச்சு. எதுக்குக் கேக்குறேன்னு அதுக்கு நான் சொல்லலை, அதுவும் கேக்கலை, ரெண்டு பேரும் மரியாதையா இருந்துக்கிட்டோம்.

பயறை எடுத்துக்கிட்டுப் போடிக்குப் போயி மாவு மிசின்ல நின்னேன். மிசின்காரரு சின்னச்சாமி, "என்னத்துக்குத் தாயி, இம்புட்டுக் கொஞ்சமா இருக்கு" ன்னாரு. வரிசையில பாதி ஊரு நிக்குது. முகத்துக்குன்னு சொன்னா, தாலியறுத்தவளுக்கு என்ன மினுக்குன்னு அன்னைக்குச் சாயந்தரமே சேதி ஜீப்பேறி உங்ககிட்ட வந்துரும். அதனால "பக்கடாவுக்கு" ன்னுட்டேன். பக்கடாவுக்குத்தானேன்னு அந்த மனுசன், எனக்கு முன்னால யாருக்கோ மொளகா வத்தல் திரிச்ச மிசினைத் துடைக்காம அதும் மேலயே கொட்டித் திரிச்சுட்டாரு. கையில குடுக்கையில, "காரம் லேசா ஏறியிருக்கும், ருசியா இருக்கும்" னு வேற சொன்னாரு. முகத்துக்குப் போறதுக்கு என்ன ருசின்னு அவருகிட்ட எப்படிச் சொல்ல. வீட்டுக்கு வந்து மூஞ்சி பூராப் பூசிக்கிட்டு உக்காந்தேன் மதினி. உக்காந்திருந்தது கொஞ்ச நேரந்தான். அப்புறம் ஓடிப்போயி எருமை தண்ணி குடிக்கிற தொட்டியில தலையை முக்கினேன். எருமை ஒரு எட்டு பின்னால போயி நின்னுக்கிருச்சு. அதுக்கப்புறம் அந்தத் தண்ணியை அது குடிக்கவும் மாட்டேனுருச்சு.

மறுநாள் ஏலக்காய் மூட்டை அடுக்குற கிட்டங்கிக்குக் காய் பொறுக்கப் போனா முகம் செக்கச்செவேல்னு இருக்கு. கூட இருக்குற பொம்பளைக முறத்தைக் கீழ வச்சுட்டுப் பாக்குறாளுக. "என்னடி பொன்னுமணி, பொண்ணு பாக்க வந்தவுக முன்னால நிக்கிற மாதிரி செவந்து போயி நிக்கிறே" ன்னா ஒருத்தி. முன்னாலயாவது மினுங்கினேன், இப்ப வெக்கப்படவும் ஆரம்பிச்சுட்டேன். இந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் முதலாளி சம்சாரம் ஜெயபாக்கியம் அக்கா எட்டிப் பாத்துச்சு. சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக, மதுரையில படிச்சவுக. என்னை உள்ள கூப்பிட்டு விசாரிச்சுச்சு. அதுகிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன். கேட்டுக்கிட்டு, "ஏன் பொன்னுமணி, முகத்துல எண்ணெய் இருந்தா மனசுல துக்கம் இல்லைன்னு எந்தச் சட்டத்துல இருக்கு" ன்னுச்சு. மொக்கம்மாள் மதினி சட்டத்துலன்னேன். பேரைச் சொன்னதுக்குக் கோவிச்சுக்காதீக.

அக்கா முதல்ல ஒரு டப்பா பவுடர் குடுத்துச்சு. காய் பொறுக்கின கையை நல்லாக் கழுவாமப் பூசிட்டேன் போல, பாயசம் மாதிரி மணந்தேன், கிட்டங்கி ஈ அம்புட்டும் எம்மேலதான். மத்தியான வெயிலுக்கு எண்ணெயும் பவுடரும் கலந்து, வெள்ளையடிச்ச சுவத்துல மழை பேஞ்ச மாதிரி ஆயிருச்சு. அதைப் பாத்துட்டு அக்கா, "அப்ப முட்டை வெள்ளைக்கருதான் சரி, அது எண்ணெயை உறிஞ்சிரும், ஆனா காயுற வரைக்கும் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது" ன்னுச்சு. பேச ஆளில்லாத வீடுதானே, சிரிக்கவும் சோலி இல்லை, நமக்கு ஏத்த மருந்துன்னு நெனச்சேன்.

நம்ம பெட்டைக்கோழி இட்ட முட்டையை எடுத்து, வெள்ளையைப் பூசிக்கிட்டுச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். கோழி எதிர்ல வந்து நின்னு, அதோட முட்டையை நான் எங்க வச்சிருக்கேன்னு தெரிஞ்ச மாதிரி பாத்துக்கிட்டே இருந்துச்சு. முகம் காஞ்சு முரசுத் தோலு மாதிரி இழுத்துப் பிடிச்ச நேரத்துலதான் வாசல்ல ஜீப்புச் சத்தம். காசிமாயன் அண்ணன் உள்ள வந்துட்டாரு. "மதினி கேட்டு வரச் சொல்லுச்சு தாயி, திவசத்தைப் பத்தி நீ என்ன சொல்றே" ன்னாரு. பொங்கல்ல இருந்து பதில் சேத்து வச்சிருந்த கேள்வி மதினி அது. பதில் தொண்டை வரைக்கும் வந்துருச்சு, வாய் திறக்க மாட்டேங்குது. "ம்" னேன். "சாப்பிட்டியா ஆத்தா" ன்னாரு. "ம்". "என்னைத் தெரியுதா" ன்னாரு. அதுக்குச் சிரிப்பு வந்துருச்சு, சிரிச்சா முட்டை உடையுமேன்னு அடக்கினதுல உடம்பு குலுங்குது. அந்த நேரம் பாத்து ஒரு ஈ கண்ணோரத்துல உக்காந்து, ஒரு சொட்டுத் தண்ணி இறங்குச்சு. அன்னைக்குத்தான் என் கன்னத்துல எண்ணெய் இல்லை. அந்தச் சொட்டு ஓடாம, நடுக்கன்னத்துல அப்படியே நின்னுருச்சு.

காசிமாயன் அண்ணன் அதைப் பாத்தாரு. மலைப்பாதையில அம்புட்டு வளைவையும் ஒத்தைக் கையில திருப்புற மனுசன், துண்டை வாயில வச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதுட்டாரு. "உள்ளுக்குள்ள வச்சு வேகாத ஆத்தா, நான் போயி மதினிகிட்டச் சொல்றேன்" னுட்டு வெரசா வண்டியை எடுத்துட்டாரு. நான் எந்திரிச்சு வாசலுக்கு ஓடுறதுக்குள்ள மண்ணுதான் பறக்குது. அவரு சொன்னதுதான் உங்களுக்கு வந்த சேதி.

ஒரு வருசமா நான் நெசமா அழுததை ஒருத்தரும் பாக்கலை. எருமைக்குத் தெரியும், அம்மிக்குத் தெரியும். கடைசியில முட்டை அழுதது போடிமெட்டு வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. முட்டையை உரிச்சு எடுக்கையில தோலும் கூட வந்து ரெண்டு நாளு நீரா வடிஞ்சது தனிக் கதை. நீங்க எழுதினதை அப்படியே வாங்கிக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா உங்க தம்பி எலையில பொய்யைப் பரிமாற எனக்கு மனசு வரலை மதினி. அதான் எழுதிட்டேன்.

இனிமே பயப்பட வேண்டியதில்லை. புண் ஆறினப்புறம் நானே யோசிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சுட்டேன். பயறை மிசினுக்குக் குடுக்காம வீட்லயே திருகையில திரிச்சேன். உங்க தம்பியோட பழைய வேட்டியில சலிச்சேன், அம்புட்டு மெல்லிசான துணி வீட்ல வேற இல்லை. வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிஞ்ச தண்ணியும், தயிர் மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணியும் ஊத்திக் கூழாக் கரைச்சேன். பட்ட புத்திக்கு எடுத்ததும் முகத்துல பூசலை, காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவி ஒரு நாள் பூராப் பொறுத்துப் பாத்தேன், அரிக்கலை, தடிக்கலை. அப்புறம் காலையில எந்திரிச்சதும் மெல்லிசாப் பூசி, தேய்க்காம, முழுசாக் காயுமுன்னால குளுந்த தண்ணியில அலசிருறேன். எரிச்சல் இல்லை, இழுப்பு இல்லை. எண்ணெய் ஓடியே போச்சு. இப்ப என் முகம் மெழுகாத மண்சுவரு மாதிரி அம்புட்டு அடக்கமா இருக்கு, நீங்க பாத்தா உங்களுக்கே மனசு நிறைஞ்சுபோகும்.

ஒண்ணே ஒண்ணுதான். உங்க தம்பின்னு நெனச்சு நான் தினமும் காலையில முதல் சோத்தைச் சுவத்து மேல வைப்பேன்ல, அதுக்குத் தவறாம ஒரு காக்கா வரும். தலையை ஒரு பக்கமாச் சாச்சு, குழம்பு என்னன்னு விசாரிக்கிற மாதிரி பாக்கும், அசல் அவுகளேதான். நான் பயறு பூச ஆரம்பிச்ச இந்த ஒரு வாரமா அதைக் காணோம், வச்ச சோறு காஞ்சு கிடக்கு. மேலத்தெருவுல கல்யாண வீடு, எச்சில் எலைக்குப் போயிருக்கும். உங்க தம்பியும் பந்தின்னா அப்படித்தானே.

ஆகையினால நீங்க சொன்ன மாதிரி முதல் நாளே வாங்க. மொச்சையும் கருவாடும் போட்டு அவுகளுக்குப் புடிச்ச குழம்பு வைக்கிறேன். நீங்க ஆசைப்பட்ட முகத்தோடயே பரிமாறுறேன், ஒரு மினுக்கு இருக்காது. வரும்போது உங்க வீட்டுப் பின்னால காய்க்கிற பிஞ்சு வெள்ளரிக்காய் கொஞ்சம் கொண்டாங்க, முகத்துக்கு வேணும். காசிமாயன் அண்ணன்கிட்ட முட்டைச் சேதியைச் சொல்ல வேண்டாம், அழுத மனுசனுக்குச் சங்கடமாப் போயிரும்.

அண்ணனுக்கு என் கும்பிடு. ஒரு வளைவிலும் வண்டி நிற்காமல் உங்களை நம் குலசாமி பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கட்டும். காட்டில் காய் நிறையட்டும், அண்ணன் முழங்கால் மடங்கட்டும், உங்கள் வாய்க்கு எப்போதும் வெற்றிலை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை மீறாத தம்பி பெண்சாதி,
பொன்னுமணி.

பின்குறிப்பு: இதை மடிச்சு உறையில வச்சு, சோத்துப் பசை காயட்டும்னு வச்சிருந்தேன், இப்பப் பிரிச்சுத் திரும்ப எழுதுறேன். இன்னைக்குக் காலையில பயத்தமாவுக் கிண்ணத்தைக் கோழி தட்டிவிட்டுருச்சு, முட்டைக்குப் பழி வாங்கிருச்சு போல. பூச ஒண்ணும் இல்லாம, ராத்திரி வடிஞ்ச எண்ணெய் முகத்தோடயே போயிச் சோத்தை வச்சேன். காக்கா கூரை மேலதான் உக்காந்திருந்துச்சு மதினி. கல்யாண வீட்டுக்கெல்லாம் போகலை. தலையைச் சாச்சு என் முகத்தைப் பாத்துச்சு, நல்லாப் பாத்துச்சு, இறங்கி வந்து ஒரு பருக்கை விடாமச் சாப்பிட்டுட்டு அலகைச் சுவத்துல துடைச்சுட்டுப் போச்சு. ஒரு வாரமா அவுக தினமும் வந்து, யாரோ மண்சுவரு மூஞ்சிக்காரி சோறு வைக்கிறா, வாசல் மாறி வந்துட்டோம்னு திரும்பிப் போயிருக்காக. அதனால மேல எழுதினதை எல்லாம் அடிச்சுருங்க. நான் குத்துவெளக்கு மாதிரிதான் நின்னு பரிமாறப்போறேன். என் மூஞ்சியைப் பாக்கப் புடிக்கலைன்னா நீங்க சுவத்தைப் பாத்துக்கிட்டு இருங்க, அவுக வர்றாகளா இல்லையான்னு தெரிஞ்சுபோகும். வெள்ளரிக்காய் மட்டும் மறக்காமக் கொண்டாங்க. கூட்டு வைக்கலாம்.