மூன்று பெண்களும் ஒரு வாளித் தண்ணீரும்

அன்பு அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். உன் இடுப்பு வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என்னிடம் தங்கி ஆசிரியப் பயிற்சிக்குப் போக நீ அனுப்பிய உன் மகள், குழு வேலை என்று சொல்லி என் வீட்டில் தோழிகளோடு அரட்டை அடிப்பதாகவும், அது உண்மையானால் படிப்பையே நிறுத்திவிடப் போவதாகவும் எழுதியிருந்தாய். யார் வத்தி வைத்தார்களோ! கண்ணால் கண்டதை எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

வருகிற தோழிகள் இரண்டு பேர். ஒருத்திக்கு நான் வைத்த பெயர் வானொலி; காதில் விழுந்ததை அடுத்த நிமிடமே ஊருக்குச் சொல்லிவிடுவாள். இன்னொருத்தி சந்தேகம், அச்சில் இருந்தாலும் நம்பமாட்டாள். சில பொருட்கள் ஏன் மிதக்கின்றன என்று மூவரும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். வானொலி போனில் கண்டவரையெல்லாம் கேட்டாள், சந்தேகம் வந்த பதில் அத்தனையையும் தள்ளினாள், உன் மகளோ நூலகப் புத்தகத்தில் விடையைக் கண்டுபிடித்துவிட்டு வாயே திறக்கவில்லை, "சொல்லித் தொலையேன்டி" என்றால் "சொன்னா மறந்துடும், பார்த்தாதான் மனசுல நிக்கும்" என்கிறாள், உடனே என் வாளி வந்தது, உள்ளே சோப்புப் பெட்டி போனது, சாவிக்கொத்து போனது, கழற்றி வைத்திருந்த என் பல்செட்டும் போனது, கடைசியில் ஓர் ஆரஞ்சைப் போட்டார்கள், மிதந்தது.

"தோலை உரிச்சுப் போட்டா என்ன ஆகும் மாமா?" என்றாள் உன் மகள்.

"எடை குறையுமில்ல? இன்னும் ஜோரா மிதக்கும்" என்றேன் மேதாவி மாதிரி.

உரித்துப் போட்டார்கள். நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது! தோலுக்குள் காற்று இருக்கிறதாம். அதை அவர்கள் சொல்லவில்லை அக்கா, கேள்வி மேல் கேள்வி கேட்டு என் வாயிலிருந்தே வரவழைத்துவிட்டார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவனுக்கு ஒரு விஷயம் தெரிந்தால், அடுத்தவனுக்குத் தெரியக்கூடாதென்று இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொள்வான். உன் மகளும் மறைக்கிறாள்தான். அடுத்தவர் தாமே கண்டுபிடிக்கட்டும் என்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவள் படிப்பை நிறுத்தினால் உன் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன்.

உனக்கு ஆசி சொல்ல எனக்கு வயதில்லை. அத்தானுக்கு வணக்கம், உன் இடுப்புக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: காலையிலிருந்து என் பல்செட்டைக் காணோம். எங்கே இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். கேட்டால், "கடைசியா எங்க பார்த்தீங்க மாமா? அங்கேயிருந்து அது எங்க போயிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்கிறாள் உன் மகள். வானொலிகூட வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். வெறும் பாலைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உடனே புறப்பட்டு வந்து இவளை அழைத்துப் போ. கிளம்பும்போதாவது அந்த ஒரு விடையை மட்டும் நேராகச் சொல்லிவிட்டுப் போகச் சொல்.