பம்பாய் பக்கந்தான்

இந்தக் கிறிஸ்மஸ் லீவிலாவது சோறு ஆறாமல் தின்ன வேண்டும். பூகோளம் சொல்லிக்கொடுக்கும் ஜெபதாஸ் சார் அந்த வருஷம் எடுத்த தீர்மானம் இது ஒன்றுதான். இது ஒரு பெரிய ஆசையா என்று நீங்கள் கேட்கலாம். பம்பாயில் வேலை பார்க்கும் சுந்தர்சிங் உங்களுக்கு மைத்துனர் இல்லை, அதனால் கேட்கிறீர்கள்.

சுந்தர்சிங் தங்கமான மனுஷர். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் போச்சு. விதவைகள், வியாதிக்காரர்கள், கப்பலில் போகிறவர்கள் என்று ஒருத்தர் விடாமல் தேடிப் பிடித்து ஜெபித்து முடிப்பதற்குள் மீன் குழம்பு ஆறி ஏடு கட்டிவிடும். போன வருஷம் ரெண்டு வார லீவில் ரயிலேறி வந்தவரை, ஜெபதாஸ் நாலே நாளில் பஸ் ஏற்றிவிட்டார்.

"அத்தான், பம்பாய் என்ன பக்கத்திலயா இருக்கு? ரயில்ல நாலு நாளு. மெட்ராஸ்ல வண்டி தவறினா அஞ்சு. வேலை போயிரும், பாத்துக்கிடுங்க" என்று மைத்துனரிடம் அக்கறையாகச் சொன்னார்.

அண்ணனை வழியனுப்பிவிட்டு வந்த அவர் மனைவி நேசபாய், அன்றைக்கே தேசப்படத்தில் பம்பாயைத் தேடினாள். அதிலேயே ஜெபதாஸ் சுதாரித்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் அடைத்த அன்று சாயங்காலம் ஜெபதாஸ் வீட்டுக்கு வந்தார். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நேசபாய் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வீட்டுக் கிரேசி சொல்லுகா, ஏரோப்ளேன்ல போனாலும் பம்பாய்க்கு ரெண்டு நாளாவுமாம்."

"அவளுக்கு என்ன தெரியும்? அங்க காலம்பற ஏறினா மத்தியானம் திருவனந்தபுரம். அங்கயிருந்து பஸ்ஸுல இங்க வந்திரலாம்."

"சும்மா சொல்லாதீங்க."

"சும்மாவா? ஏட்டி, நான் பூகோள வாத்தியாரு. எடு அந்தத் தேசப்படத்தை."

"நூலு வேணுமா?" என்று லேஸ் நூலை அவளே அறுத்துக் கொடுத்தாள்.

ஜெபதாஸ் நூலைப் படத்தில் விறைப்பாகப் பிடித்தார். "பாரு. ரயிலு மெட்ராஸைச் சுத்திப் போவுது. ப்ளேன் நேரே போவும். எழுநூத்தம்பது மைலு, கூடக் கொஞ்சம். கொச்சியில எறங்கி ஏறினாலும் அஞ்சு மணி நேரந்தான்."

"அப்ப ஒருத்தருக்கு ரெண்டு வாரம் லீவுன்னா?"

"ரெண்டு வாரமும் இங்கயே கெடக்கலாம். கடைசி நாளு கிளம்பினாப் போதும்."

"நெஞ்சில கைவச்சுச் சொல்லுங்க."

வைத்துச் சொன்னார். அதுவும் வாத்தியார் குரலில், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

நேசபாய் உள்ளறைப் பக்கம் திரும்பினாள். "கேட்டியளா அண்ணே?"

கதவு திறந்தது. கையில் வேதபுத்தகத்தோடு சுந்தர்சிங் நின்றார். ப்ளேனில் கொடுத்த பஞ்சு ஒரு காதில் இன்னும் இருந்தது.

 நூலைச் சுருட்டிக்கொண்டே ஜெபதாஸ், "வாங்க அத்தான்" என்றார்.  

"மத்தியானம் எறங்கினேன் மாப்ளே. நேசந்தான் உள்ள இருக்கச் சொன்னா. போன தடவை மாதிரி என் வேலையப் பத்தி உங்களுக்குக் கவலை வந்திருமாம். இப்ப நீங்களே சொல்லிட்டீங்க, கடைசி நாளு போதும்னு."

நேசபாய் மரச்சீனியை வைத்து, ஆவி பறக்க மீன் குழம்பை ஊற்றினாள். "அண்ணே, ஜெபம் பண்ணுங்க. இந்தத் தடவை ஆகாயத்துல போறவங்களையும் சேத்துக்கிடுங்க."

ஜெபதாஸ் கண்ணை மூடினார். ஆமென் சத்தம் கேட்டபோது, அவர் கணக்குப்படி, கண்ணை மூடிய நேரத்தில் திருவனந்தபுரத்தில் கிளம்பிய விமானம் கொச்சியைத் தாண்டியிருக்கும்.