மூன்றாவது சங்கு

முதல் சங்கு கேட்டதும் ராமையா லுங்கியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வெளியே ஒரே பனிமூட்டம். எதிரே இருந்த தேயிலை மலையையே காணவில்லை.

"நம்ம பேக்டரி சங்குதானேங்க?" என்றாள் மனைவி மணியம்மா.

"முப்பத்தெட்டு வருஷம் அத ஊதுனவன் நான். எனக்கே சொல்லித் தரியா? நம்ம சங்கு காதப் பொளக்கும். இது எங்கியோ மாடு அழுவுற மாதிரியில்ல இருக்கு!"

அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அது. இத்தனை வருடமும் சங்கின் அடியில் காதில் பஞ்சோடு நின்றவர். லீவே எடுத்ததில்லை. வீட்டிலிருந்து அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மணியம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. இந்த நேரத்தில் சங்கு ஊதியதே கிடையாது.

மகள் அன்பரசி போனை நீட்டினாள். "அப்பா, நேத்து குரூப்புல வந்துச்சே. உலகம் அழியறப்ப மூணு வாட்டி சங்குச் சத்தம் கேக்குமாம்."

"சும்மா லா அது," என்றாள் மணியம்மா.

"அழிஞ்சா அழியட்டும். வீடு தேடுற வேல மிச்சம்," என்றார் ராமையா. வேலை முடிந்ததால் மாதக் கடைசிக்குள் தோட்டம் தந்த இந்த லைன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இங்கேயே இருக்கவிடுங்கள் என்று தோட்ட மேனேஜர் துரைக்கு மூன்று மனு கொடுத்தும் பதில் இல்லை.

எதற்கும் பக்கத்து வீட்டில் கேட்டுவிடலாம் என்று போனார். ஆள் இல்லை. அடுத்த வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது, சாம்பாரில் மட்டும் ஆவி பறந்தது. பன்னிரண்டு வீட்டிலும் ஒருவரும் இல்லை. கடைசி வீட்டுச் செல்லையாவின் நாய்கூட இல்லை.

இரண்டாவது சங்கு ஊதியது.

ராமையா விழுந்தடித்துத் திரும்பி வந்தார். "எல்லாரையும் மேல எடுத்துக்கிட்டாங்கடி! நாம மூணு பேருதான் மிச்சம்!"

"நம்மள ஏன் விட்டுட்டாங்க?"

"ஏதோ பாவம் பண்ணிருக்கோம். ரெண்டு பேரும் மறைக்காம சொல்லிருங்க!"

மணியம்மா கும்பிட்டுக்கொண்டே சொன்னாள். "நம்ம பேக்டரி தேயிலைத் தூள் மாதிரி வருமான்னு தெனமும் உறிஞ்சிக் குடிப்பீங்களே, அது ரிங்லெட் டவுன் கடையில வாங்குன வேற தோட்டத்துத் தூளு. பத்து வருஷமா."

ராமையா சுவரைப் பிடித்துக்கொண்டார். உலகம் அழிவதைவிட இது பெரிய அடியாக இருந்தது.

அப்போது மூன்றாவது சங்கு ஊதியது.

"போனக் குடு!" மகளிடமிருந்து பிடுங்கி, தோட்டத்துக் குரூப்பைத் திறந்து, வாயருகே வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் மேல போயிட்டாங்களேப்பா, யாருக்கு அனுப்புறீங்க?"

"மேல லைன் நல்லாக் கெடைக்கும், சும்மா இரு." தொண்டையைச் செருமினார். "ராமையா பேசுறேன். சாயங்காலச் சங்க முப்பத்தெட்டு வருஷமா அஞ்சு நிமிஷம் முன்னாடியேதான் ஊதுனேன். மணியம்மா கொழுந்துக் கூடையச் சொமந்துக்கிட்டு நிப்பா, மனசு கேக்கல. பேக்டரி கடியாரத்த நாந்தான் அஞ்சு நிமிஷம் கூட்டி வச்சேன். ஒரு துரையும் கண்டுபிடிக்கல. இப்ப இருக்கறவருக்கு மணி பாக்கவே தெரியாது. மன்னிச்சிருங்க."

அனுப்பிவிட்டார்.

மணியம்மா அவரையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா?"

மூவரும் கைகோத்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பனிக்குள் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது.

வந்தது பக்கத்து வீட்டுச் செல்லம். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. மூச்சு வாங்கியது.

"நீயும் போகலியாம்மா?" என்று கதறினார் ராமையா.

"என்னா மாமா நீங்க! ஒங்களுக்குத் தெரியாம மொத்தத் தோட்டமும் பேக்டரியில கூடி, ஒங்க மரியாதைக்குத்தான் மூணு வாட்டி சங்கு ஊதுனோம். 'ராமையாவுக்கு அந்த வீடு காலம் பூரா'ன்னு துரை மைக்குல சொல்ல வாயெடுத்தாரு, அப்பத்தான் அவரு போனோட சேத்து எல்லார் போனும் ஒண்ணா 'டிங்'குன்னுச்சு."