எத்தனை அடி கோடிங்?

ஆறு ரிக் வண்டி வைத்து ஊரெல்லாம் போர்வெல் போடும் தங்கசாமி, புதுச்சத்திரம் பைபாஸ் ஓரத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியும் தொடங்கினார். ரிக் தொழிலில் அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்று: "இன்னைக்கு எத்தனை அடி?" கோடிங்குக்கும் அதுவே பொருந்தும், ஒரு வரி ஒரு அடி என்று கனம் பொருந்திய நிர்வாகம் தீர்மானித்தது. நிர்வாகம் என்றால் அவரும் அவருடைய செல்போனும்.

பன்னிரண்டாவது முடித்த கையோடு, "காலேஜ் எதுக்கு, எனக்கே கோடிங் தெரியும்" என்று வீட்டில் சண்டை போட்டு அங்கே சேர்ந்தவள் கனிஷ்கா. மூன்று மாதத்தில் வேலை நிரந்தரமாகாவிட்டால் காலேஜ்தான் என்று அப்பா கெடு வைத்திருந்தார்.

அவள் சர்வரில் ஒரு ஹூக் எழுதி வைத்தாள். யார் கோடிங் அனுப்பினாலும் வாசலில் நிறுத்திச் சோதித்து, விதி மீறினால் திருப்பி அனுப்புகிற சின்ன நிரல். கூடவே வரிகளை எண்ணி முதலாளிக்கு வாட்ஸப் போடும். யார் எத்தனை அடி என்று சுவர் டிவியில் பட்டியலும் காட்டும்.

ஒருநாள், கூட வேலை பார்ப்பவனைப் பற்றி அவருக்கு 'தனசேகர்: மைனஸ் பன்னிரண்டு' என்று போனது.

"என்ன கண்ணு, போட்ட குழிய மூடறானா அவன்?"

"வேண்டாத வரிங்கய்யா. அழிச்சா நல்லதுதானுங்க."

"குழிய மூடுனா தண்ணி எப்படி வரும்? இனி ஒருத்தரும் அழிக்கப்படாது. அதையும் ஹூக்குல சேர்த்துரு."

சேர்த்தாள். முட்டாள்தனம் என்று தெரியும். ஆனால் பிரமாதமாக வேலை செய்தது.

மறுவாரம், போர் போடச் சொல்லி முன்பணம் கட்டியிருந்த வெண்ணந்தூர் பொன்னாயி தங்கசாமிக்குப் போன் செய்தார். "தண்ணி வந்துருச்சு, வாழ்த்துகள்னு மெசேஜ் வந்துச்சு சாமி. கெடா வெட்டி ஒறம்பரை சனத்துக்கெல்லாம் சோறு போட்டுட்டேன். உங்க வண்டியே இன்னும் வரலியே?"

போர் போடுகிறவர்களுக்கு மெசேஜ் அனுப்பும் நிரலில் தப்பு ஒரே ஒரு வரி. எழுதியவள் கனிஷ்கா. அழித்து அனுப்பினாள். 'குழியை மூட அனுமதியில்லை' என்று அவளுடைய ஹூக்கே அவளைத் திருப்பி அனுப்பியது.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லீனா நாளைக்கு வராத" என்றார் தங்கசாமி.

தனசேகர் பக்கத்தில் வந்தான். "ஹூக்கத் தூக்கிரு. பாஸ்வேர்டு உங்கிட்டத்தான இருக்குது? ரெண்டு நிமிச வேலை."

கனிஷ்கா டிவியைப் பார்த்தாள். முதலிடம்: கனிஷ்கா, 4,112 அடி.

"சும்மா இருங்ணா."

உட்கார்ந்து புதிதாக எழுதினாள். வாழ்த்து போன ஐந்தாவது நிமிடம், 'மேற்படி தண்ணீர் நிர்வாகக் காரணங்களால் திரும்பப் பெறப்படுகிறது' என்று ஒரு செய்தி போகும். பிறகு நிஜமாகவே தண்ணீர் வந்தால், 'திரும்பப் பெற்றது திரும்பப் பெறப்படுகிறது' என்று இன்னொன்று. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரி. ஹூக் மறு பேச்சில்லாமல் உள்ளே விட்டது.

"ஒரே நாள்ல எரநூத்திப் பன்னெண்டு அடி" என்று தங்கசாமி எல்லோர் முன்னாலும் வேலையை நிரந்தரமாக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். தனசேகரும் தட்டினான், அன்று மாலையே அவன் வரிக்கு வரி நடுவில் ஒரு வெற்று வரி விட்டு எழுத ஆரம்பித்தான்.

வீட்டில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "காலேஜுக்குப் போயிருந்தா இந்த அளவுக்கு வர எத்தன வருசம் ஆயிருக்கும் சாமி?"

கனிஷ்கா யோசித்துப் பார்த்து உண்மையையே சொன்னாள்.

"நாலு வருசம் ஆயிருக்கும்ப்பா."