காட்டுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

பழையதென்றால் பெரியது என்று நம்புகிற வியாதி எங்கள் ஆட்களுக்கு உண்டு. எனக்கு அது முற்றிய நிலை.

தங்கை துஷி, மரேக் என்ற போலந்துப் பெடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். அவனுடைய அப்பா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் தான் காளான் பறிக்கும் நாளில் எங்கள் வீட்டாரையும் வரச் சொன்னார். பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

"அண்ணா, ஹலோ சொல்லிப்போட்டுப் பேசாமல் நில்லுங்கோ," என்றாள் துஷி.

நிற்பேனா? போலந்து மொழியில் காட்டுக்கு 'லாஸ்' என்று இணையம் சொன்னது. சீ, அது நேற்றைய சொல்! ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியில் அதன் மூலத்தைத் தேடிப் பிடித்தேன்: 'லேசு', முன்னால் ஒரு நட்சத்திரக் குறியோடு. (பெயரில் மட்டும்தான் லேசு.) ஆண்பால், ஏழு வேற்றுமை. எங்கிருந்து வந்த சொல்லென்று அறிஞர்களுக்கே குழப்பம். மேய்ச்சல் நிலத்தோடு ஒருவர் முடிச்சுப் போட, இன்னொருவர் அவிழ்க்கிறார். எனக்கு ஒரு கோதாரியும் விளங்கவில்லை. ஆனாலும் மில்லிக்கனில் எங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் வழியெல்லாம் அதன் வேற்றுமை வடிவங்களைப் பாடமாக்கினேன்.

மரேக்கின் அப்பா காளான் கூடையோடு நின்றார். நான் கைகளை விரித்து, "லேசு, லேசா, லேசோமி, லேசே!" என்று மரங்களைப் பார்த்து முழங்கினேன். போதாக்குறைக்கு, "உங்களுக்கு ஏழு வேற்றுமை, எங்களுக்கு எட்டு" என்று ஆங்கிலத்தில் சொல்லியும் வைத்தேன்.

மனிசன் கூடையைக் கீழே வைத்துவிட்டு மகனிடம் ஏதோ கேட்டார். மகன் துஷியின் காதில் முணுமுணுத்தான்.

"உவருக்குச் சுகமில்லையோ எண்டு கேக்கிறார்," என்று துஷி பல்லைக் கடித்தாள். "என்ர கலியாணத்தைக் குழப்பிப்போட்டியள், அண்ணா!"

அவசரமாகப் போனை எடுத்து அந்தச் சொல்லைக் காட்டினேன். அவர் நட்சத்திரக் குறியில் விரலை வைத்து, இது என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எழுதி வைத்த சான்று இல்லை. இப்படித்தான் இருந்திருக்கும் என்று அறிஞர்கள் கணித்தது."

"ஒருவரும் காதால் கேட்டதில்லை?"

"இல்லை."

"நீ மட்டும் பேசுகிறாய்?"

சிரிக்கத் தொடங்கியவர் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன்னுடைய தமையனும் இப்படி ஒரு விசரன்தானாம். ஆகவே எங்களுடையதும் வழக்கமான குடும்பம்தானாம். அங்கேயே ஓமென்றார்.

கலியாணத்தில் மேசைப் பெயரட்டையில் என் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். இன்றைக்கும் நான் போனில், "வந்துகொண்டிருக்கிறன், வோபர்ன் தாண்டிட்டன்" என்றால், துஷி கேட்பாள்: "உதுக்கு முன்னால நட்சத்திரம் இருக்கோ, அண்ணா?"

இருக்கிறது. நான் இன்னும் வீட்டில் சொக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன்.