அடுத்த பக்கம்

பிள்ளைகளே, உங்கள் அப்பா பத்தாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்தவன். ஆனாலும் 'பக்கம்' என்ற ஒரு தமிழ்ச் சொல் புரியாமல் முந்நூறு பேர் முன்னால் மானம் போனவன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மன்னார்குடியில் மைக் செட் வைத்திருந்தேன். என்னுடைய பழைய மிக்ஸர் (கொறிக்கிற மிக்சர் இல்லை, எல்லா மைக்கும் வந்து சேரும் பெட்டி) நேர்மையானது. ஒரு மைக்குக்கு ஒரு ஃபேடர். மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். ஒவ்வொரு ஃபேடருக்கும் அடியில் பிளாஸ்திரி ஒட்டி 'ஐயர்', 'நாயனம்', 'தவில்' என்று எழுதிவைப்பேன். எழுதியது எழுதியதுதான். கடைசிவரை மாறாது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் அம்மாவை எனக்குக் கேட்டிருந்தார்கள். அம்மாவின் பெரியப்பாவுக்கு என்மேல் பிரியம். அவருடைய தம்பியான உங்கள் தாத்தாவுக்கு இல்லை. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. "பழைய பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுற பையன் எப்படி முன்னேறுவான்?" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார். திருக்கடையூரில் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு என்னையே மைக் செட் போடச் சொன்னார்கள். தாத்தா அங்கே என்னை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

விடுவேனா? முத்துப்பேட்டை ஜமால் துபாயில் ஒரு ஓட்டலில் சவுண்ட் வேலை பார்த்தவன். லீவில் வரும்போது டிஜிட்டல் மிக்ஸர் ஒன்று கொண்டுவந்திருந்தான். அதைக் கடன் கேட்டேன். முதல் நாள் மத்தியானம் மண்டபத்துக்கு வந்து அவனே எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். வழக்கம்போல் நான் பிளாஸ்திரி ஒட்டினேன்.

"பந்தி மைக் எங்கடா?" என்றேன். சாப்பிடக் கூப்பிடுவதற்காகச் சாப்பாட்டு ஹாலில் வைக்கும் மைக் அது.

"அது அடுத்த பக்கம் மாப்ள. இதுக்கு ரெண்டு பக்கம் இருக்கு. ஒண்ணைக் காணோம்னா அடுத்த பக்கம் பாரு, அவ்வளவுதான்."

தலையாட்டினேன். அவன் திருச்சிக்குப் போய் விமானம் ஏறிவிட்டான்.

மறுநாள் காலை எல்லாம் தேன் மாதிரி போய்க்கொண்டிருந்தது. தாலி கட்டப் பத்து நிமிடம் இருக்கும்போது, பழக்க தோஷத்தில், துண்டால் மிக்ஸரைத் துடைத்தேன். ஏதோ ஒரு பட்டன் அமுங்கியது. உடனே எல்லா ஃபேடரும் தானாகவே எழுந்து நடந்தன. சத்தியமாக நான் தொடவில்லை. 'ஐயர்' ஃபேடர் சர்ரென்று இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. (மேடையில் ஐயரின் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைக் கவனிக்கும் நிதானம் எனக்கு ஏது?) பதறிப்போய் அதை உச்சிவரை தள்ளினேன்.

ஸ்பீக்கரில் தாத்தாவின் குரல் வந்தது. சர்க்கரை மாத்திரை போடுவதற்காக அவர் முன்னாடியே தரகரோடு டிபனுக்கு உட்கார்ந்துவிட்டார். பந்தி மைக்குக்குப் பக்கத்து இலை.

"பையன் மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லய்யா. காலையிலேருந்து பாக்குறேன், யார்கிட்டயும் எரிஞ்சு விழல. வயரைக்கூட அதுக்கு வலிக்காம இழுக்கிறான். ஆனா பாஸ்போர்ட் இல்லையே. துபாய் ஜாதகம் ஒண்ணு வந்திருக்குல்ல?"

"அப்ப இதை வேணாம்னு சொல்லிடவாங்க?"

"பக்குவமா சொல்லு. எங்க அண்ணன் காதுக்குப் போயிடக் கூடாது. இவனைப் பிடிச்சுட்டு வந்ததே அவருதான். அவரு பார்த்துச் செய்யிறதெல்லாம் இந்த சாம்பார் மாதிரிதான். ஒரே தண்ணி."

அந்த அண்ணன் மேடையில் தாலியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

ஃபேடரை இறக்க வேண்டியதுதானே என்பீர்கள். பிளாஸ்திரியில் 'ஐயர்' என்று என் கையால் எழுதியிருக்கிறதே. தாலி கட்டுகிற நேரத்தில் ஐயர் மைக்கை அணைக்கலாமா? ஜமால் சொன்னது நினைவுக்கு வந்தது. அடுத்த பக்கம். மிக்ஸருக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். வயர்தான் இருந்தது. தூக்கி அடிப்பக்கம் பார்த்தேன். கடைசியில் மேசைக்குக் கீழேயே புகுந்துவிட்டேன்.

"என்னங்க தேடறீங்க?"

ஒரு பட்டுப்புடவைக் கரையும் கொலுசும் தெரிந்தன. உங்கள் அம்மா. அப்போது சீர்காழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பக்கம்" என்றேன்.

"அது கீழ இல்லைங்க. ஸ்கிரீன்ல பாருங்க, ரெண்டாம் பக்கம்னு போட்டிருக்கு. புத்தகத்துல திருப்புற மாதிரி. இந்தப் பக்கத்துல உங்க ஐயர் ஃபேடர்தான் பந்தி மைக்."

'ஐயர்' ஃபேடரை இறக்கினாள். தாத்தா சாம்பாரோடு அடங்கினார். ஒரு பட்டனை அமுக்கினாள். எல்லா ஃபேடரும் திரும்ப நடந்து என் பிளாஸ்திரிக்கு நேராக வந்து நின்றன. நான் மேசைக்குக் கீழேயிருந்து வெளியே வர மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா ஐயரின் மைக்கை வாங்கினார்.

"தம்பி, சாம்பாரைப் பத்தி வீட்ல பேசிக்கலாம். பையன் மேல குத்தம் ஒண்ணுமில்லன்னு மைக்லயே சொல்லிட்ட. கோயில் வாசல் வரைக்கும் கேட்டிருக்கு. இனிமே பாஸ்போர்ட்டுங்கிற பேச்சு எதுக்கு? கையைக் கழுவிட்டு மேல வா."

மண்டபமே சிரித்தது. தாத்தா வந்தார், இலையைப் பார்ப்பது போலவே தரையைப் பார்த்துக்கொண்டு. அன்று சாயங்காலம் அவர் உங்கள் அம்மாவிடம் சம்மதமா என்று கேட்டாராம். "தெரியலைன்னா தெரியலைன்னு காட்டிக்கிறாருப்பா. சொன்னா கேட்டுக்கிறாரு. போதும்" என்றாளாம் அவள். (மேசைக்குக் கீழே கிடந்தவன் வேறு எப்படிக் காட்டிக்கொள்வது?)

அதற்குப் பிறகு உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து அந்த மிக்ஸரைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். இன்று நம் வீட்டில் சோறு போடுவது அந்தப் படிப்புதான். நான் கண்ணாடியைத் தேடும்போதெல்லாம் "அடுத்த பக்கம் பாருங்கப்பா" என்று நீங்கள் கத்துகிறீர்களே, அதன் கதை இதுதான்.

தாத்தாவும் திருந்திவிட்டார். நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து மெதுவாகக் கேட்பார்:

"மாப்ள, இங்க மைக் ஏதும் இல்லையே?"