மச்சானை விலக்கிப் பார்த்த கதை

பேங்க் மேனேஜரின் மீசையில் வலது பாதியை முடித்துவிட்டு இடது பாதிக்குத் திரும்பினேன். அப்போது பார்த்து வயிறு கூப்பிட்டது.

மரியாதையாக ஒன்றும் கூப்பிடவில்லை. தீயணைப்பு வண்டி மணியடிக்கிற மாதிரி கூப்பிட்டது.

"ஒரு நிமிஷம் சார், அசையாம இருங்க" என்று சொல்லிக் கத்திரியைக் கீழே வைத்தேன். ஆணியில் தொங்கிய சாவியைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். எங்கள் வரிசையில் இருக்கிற கடைகளுக்கெல்லாம் சேர்த்து அங்கே ஒரே ஒரு கழிவறை. அந்த நாட்களில் என் கையில் கத்திரி இருந்த நேரத்தைவிட அந்தச் சாவி இருந்த நேரம்தான் அதிகம்.

திரும்பி வந்தால் நாற்காலி காலி. மேனேஜருக்கு ஏதோ அவசரக் கூட்டமாம். பாதி மீசையோடு போய்விட்டார். அன்றைக்குக் கடன் கேட்டு வந்தவர்கள் எல்லாம் வந்த காரியத்தை மறந்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

நான் சலூன்கடைக்காரன். எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் என் முன்னால் தலை குனிந்துதான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட என்னை ஒரு சாண் வயிறு தலை குனிய வைத்துவிட்டது. ஆட்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு வயிறு எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரவே செய்தார்கள். சிலர் கேட்டுவிட்டு அப்படியே அடுத்த தெரு சலூனுக்கு நடையைக் கட்டினார்கள். இப்படியே போனால் கடையில் நானும் கண்ணாடியும்தான் மிஞ்சுவோம்.

மீசை விவகாரம் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. என் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"கிளம்புங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

"எதுக்கு? கொஞ்சம் வாயு. அவ்வளவுதான்."

"அந்த வாயு மேனேஜர் மீசையைப் பாதி தூக்கிட்டுப் போயிருக்கு. கிளம்புங்க."

டாக்டரம்மா என்னென்னவோ சோதித்தார். கடைசியில், "புண்ணு இல்ல, கட்டி இல்ல, பூச்சி இல்ல. உங்க குடல் நல்ல குடல்தான். ஆனா கோவக்காரக் குடல். சின்ன விஷயத்துக்கெல்லாம் சுருட்டிக்கும். இதை ஐ.பி.எஸ்.னு சொல்லுவோம்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள மூன்று எழுத்துக் கிடைத்துவிட்டதே!

"இவருக்குக் கோவமே வராதே டாக்டர்" என்றாள் மனைவி.

"வெளியில காட்ட முடியலைன்னா உள்ளே போயிடும்மா."

அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று கையைத் தூக்கினேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

வைத்தியம் என்ன என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "ஒவ்வொருத்தர் குடலுக்கு ஒவ்வொண்ணு ஆகாது. பால், வெங்காயம், பருப்பு, எண்ணெய்ப் பண்டம், இதுல எதுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் ரெண்டு வாரம் விலக்கிப் பாருங்க. வயிறு அடங்கிச்சுன்னா, அதையே திரும்பத் தாராளமாச் சேர்த்துப் பாருங்க. மறுபடி வந்தா அதுதான் குற்றவாளி. மனசுல கவலை இருந்தாலும் இது வரும். எதுவுமே பிடிபடலைன்னா குழாய் விட்டுப் பார்க்கலாம்."

"எந்த வழியா?" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அன்று முதல் எங்கள் அடுப்படி நீதிமன்றம் ஆயிற்று. மனைவி நீதிபதி. முதலில் பாலை நிறுத்தினாள்.

"நாளையில இருந்து பால் கிடையாது. பால் டீயும் கிடையாது."

"சரி" என்றேன்.

அடுத்து வெங்காயம். அதற்கு நான் சும்மா விடவில்லை. "வெங்காயம் இல்லாம மனுஷன் சாப்பிடுவானா? ஆடு மாடா நான்?" என்று ஒரு வாரம் முறைத்தேன். அவளும் முறைத்தாள். அவள் முறைப்பு ஜெயித்தது. பிறகு பருப்பு போயிற்று. எண்ணெய் போயிற்று. கடைசியில் தட்டில் வெள்ளைச் சோறும் வேகவைத்த கேரட்டும் மட்டும் நின்றன. கேரட் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. இவ்வளவு செய்தும் வயிறு அடங்கவில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். என் கடைக்கு எதிரே ஒரு டீக்கடை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நாலு கிளாஸ் என் கடைக்கு வரும். கரண்டி நிற்கிற மாதிரி கெட்டிப் பாலில் போட்ட டீ. ஆனால் அது டீதானே, பால் இல்லையே! டீத்தூள் விழுந்த உடனே பால் தன் குணத்தை விட்டுவிடும் என்பது நானாகவே கண்டுபிடித்த உண்மை. இதை மனைவியிடம் சொல்லி அவள் மண்டையைக் குழப்புவானேன் என்று விட்டுவிட்டேன்.

அப்படியானால் என் வயிற்றுக்கு எதிரி யார்? கேரட்டை மென்றபடியே யோசித்தேன். பளிச்சென்று ஒரு முகம் தெரிந்தது.

மச்சான்!

என் மனைவியின் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகாதவர். வேலை விட்டுப் போனாலும் விசில் கழுத்தை விட்டுப் போகவில்லை. ஊரே அவரை விசில் என்றுதான் கூப்பிடும். எனக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் கடை லீவு. அந்த ஒரு நாளும் விடியும்போதே அவர் வந்துவிடுவார். "உள்ளே போங்க, உள்ளே போங்க!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நுழைந்து, செய்தித்தாளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் கழிவறைக்குள் போய்விடுவார். எங்கள் வீட்டிலும் அது ஒன்றே ஒன்றுதான். தலைப்புச் செய்தியிலிருந்து வரி விளம்பரம் வரை முடித்தால்தான் தாழ்ப்பாள் திறக்கும். நான் வெளியே காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டு கதவைத் தட்டுவேன்.

"வண்டி நிறைஞ்சிருக்கு மாப்பிள்ளை! அடுத்த வண்டியில வாங்க!"

கோவக்காரக் குடல் உள்ளவனிடம் சொல்லுகிற வார்த்தையா இது? என் ஒரு நாள் லீவையும் என் வீட்டுக் கழிவறையையும் மீட்டே தீருவது என்று சபதம் எடுத்தேன்.

மனைவி அடுப்படியில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். மெல்லப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஏம்மா, கவலையாலயும் வயிறு கெடும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. உங்களுக்கென்ன கவலை? இந்த வீட்டுல கவலைப்படற வேலை என்னோடதாச்சே."

"லீவு நாளானா வயிறு ரொம்ப முறுக்குதே, கவனிச்சியா?"

"லீவு நாள்ல அப்படி என்ன வருது?"

"என்ன வருதுன்னு பாக்காதே. யாரு வர்றாங்கன்னு பாரு."

கத்தி நின்றது.

"எங்க அண்ணனையா சொல்றீங்க?"

"நான் சொல்லலைம்மா. குடல் சொல்லுது. எனக்கு மச்சான்னா உயிரு. குடலுக்குத்தான் அவர் ஒத்துக்கலை."

கரண்டி பறக்கும் என்று தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தேன். பறக்கவில்லை. அவள் நறுக்கிய கேரட்டை ஒதுக்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"சரிங்க. வெங்காயத்தை விலக்கினோம். பருப்பை விலக்கினோம். அண்ணனையும் விலக்கிப் பார்த்துடுவோம். ரெண்டு வாரம் இந்தப் பக்கமே வராதேன்னு சொல்லிடறேன்."

வயிற்றில் பாலை வார்த்தாள். எனக்குத்தான் பால் ஆகாதே. அப்போதே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். அதனால கேரட் அப்படியே இருக்கும்."

ஆகா, அந்த லீவு நாள் இருக்கிறதே! அவசரம் இல்லை என்றாலும் கழிவறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ராஜாவுக்குச் சிம்மாசனம் மாதிரி. செய்தித்தாளை விரித்தேன். வரி விளம்பரம் வரை வாசித்தேன். யாரோ பழைய கட்டில் விற்கிறாராம். அதைக்கூட ரசித்து வாசித்தேன்.

ஆனால் இந்தப் பாழாய்ப்போன வயிற்றுக்கு என் கட்சியில் நிற்கத் தெரியவில்லை. மச்சான் இல்லாதபோதும் அது தன் பாட்டுக்கு முறுக்கியது. கடையில் வாத்தியார் ஒருவர் முகத்தில் நுரை காய்ந்து உதிரும்வரை என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். வீட்டிலோ நான் குணமாகிவிட்டவன்! உள்ளே ஓட்டப் பந்தயம் நடக்கும்போது வெளியே கல்யாணப் பொண்ணு மாதிரி அடி எடுத்து வைத்து நடந்தேன்.

"என்னங்க சத்தம் அது?"

"நாற்காலி கிறீச்சிடுது."

"நீங்க நின்னுகிட்டுதானே இருக்கீங்க?"

"பக்கத்து வீட்டு நாற்காலியா இருக்கும்."

ரெண்டு வாரம் முடிந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தீர்ப்பைச் சொன்னேன். "வயிறு கல்லு மாதிரி இருக்கு. சுத்தமா குணம்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ அண்ணன்தான் காரணம்!"

"என்ன செய்யறது, பாவம், நல்ல மனுஷன். இனிமே போன்ல பேசிக்க வேண்டியதுதான்."

"அதெப்படிங்க? டாக்டரம்மா சொன்னதுல பாதிதானே ஆச்சு? வயிறு அடங்கினா அடுத்து என்ன பண்ணச் சொன்னாங்க?"

நிமிர்த்திய நெஞ்சைக் கொஞ்சம் இறக்கினேன்.

"திரும்ப... சேர்க்கச் சொன்னாங்க."

"எப்படி?"

"தாராளமா."

வாசலில் விசில் ஊதியது. பெட்டி, தலையணை, போர்வை சகிதம் மச்சான் நின்றார். "உள்ளே போங்க, உள்ளே போங்க!"

"ஒரு மாசம் இங்கதான் இருப்பார்" என்றாள் மனைவி. "கொஞ்சமாச் சேர்த்தா தெரியாதாமே? கடைக்கும் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் மச்சான் என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் கிளாஸ் டீ வந்தது. அவர் விசிலை ஊதி டீக்கடைக்காரரை நிறுத்தினார்.

"யாருக்கு டீ?"

"சலூன்கார அண்ணனுக்குத்தான்."

"மாப்பிள்ளைக்குப் பால் ஆகாதே!" என்று வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டார். "நல்ல டீ. எப்பவும் வருமா மாப்பிள்ளை?"

வரும் என்றால் விஷயம் அவர் தங்கச்சி காதுக்குப் போகும். "எனக்கென்ன தெரியும் மச்சான், ஆள் மாறிக் கொண்டு வந்துட்டார்போல" என்றேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கட்டின பெண்டாட்டியைத் தெரியாது என்றவனைப் பார்க்கிற பார்வை. ஆனாலும் மனுஷர் விடாமல் கொண்டு வந்தார். நாலு கிளாஸையும் மச்சானே குடித்தார். குடித்த தெம்பில் கடையையே பஸ் ஆக்கிவிட்டார். "முன்னாடி வாங்க சார், கண்ணாடி ஓரம் சீட்டு இருக்கு! தாடி எல்லாம் இடது பக்கம், முடி எல்லாம் வலது பக்கம்!" கூட்டம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். மேனேஜர் பயந்து பயந்து உள்ளே வந்தார். "இன்னைக்கு வயிறு எப்படி?"

கத்திரியை எடுத்தேன். வலது பாதி முடிந்தது. இடது பாதியும் முடிந்தது. மேனேஜர் கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மச்சான் விசில் ஊதினார். கடையே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தேன். அதில் தூசி படிந்திருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. ஐயையோ, மச்சான் இருக்கும்போதே எனக்குக் குணமாகிவிட்டதே! என் வழக்கு என்னாவது?

வீட்டுக்கு ஓடினேன். நுழையும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா... முறுக்குதே..."

"வலிக்குதா? அண்ணனாலயா?" என்றாள் மனைவி, பதற்றமே இல்லாமல். "சாப்பாடு காரணம் இல்லாம, ஒரு மனுஷனைப் பார்த்தே வயிறு முறுக்குதுன்னா குழாய் விட்டே ஆகணும்னு டாக்டரம்மா சொல்றாங்களே. போன் போடட்டுமா?"

"எப்போ சொன்னாங்க?"

"போன் போட்டா சொல்லுவாங்க."

"வலி போயிடுச்சு" என்றேன்.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். மச்சானும் துணைக்கு வந்தார்.

"முகமே தெளிஞ்சிருக்கே!" என்றார் டாக்டரம்மா. "எதை விலக்கினீங்க?"

"பாலை" என்றாள் மனைவி.

நான் துள்ளி எழுந்தேன். "பாலை எப்பவோ விலக்கியாச்சே!"

"அது வீட்டுல. கடையில அண்ணன் வந்த பிறகுதானே விலகிச்சு?"

மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு மீசையைத் துடைத்தார்.

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"வெங்காயத்துக்கு ஒரு வாரம் சண்டை போட்டீங்க. பருப்புக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சீங்க. பால் டீ கிடையாதுன்னு சொன்ன அன்னைக்கு மட்டும் உடனே 'சரி'ன்னீங்க. டீ இல்லைன்னா சரின்னு சொல்ற ஆளையா நான் கட்டிக்கிட்டேன்? எங்கேயோ கிடைக்குதுன்னு அப்பவே தெரியும்."

"அப்பவே தெரிஞ்சா என்னை ஏன் கேரட் தின்ன வச்சே?"

"கேரட் கண்ணுக்கு நல்லதுங்க. மீசைக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு தெரியணுமே."

டாக்டரம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்கென்ன, அவர் வயிறு குலுங்கலாம். "வெங்காயம், பருப்பு எல்லாம் ஒவ்வொண்ணாச் சேர்த்துக்குங்க. பால் மட்டும் வேண்டாம்" என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஆசையோடு கேட்டேன்.

"அப்போ மச்சானை விலக்கிடலாமா டாக்டர்?"

"அவர்தானே உங்களுக்கு மருந்து! மருந்தை நடுவுல நிறுத்தவே கூடாது."

இப்போது கடையில் கூட்டம் நிற்க இடமில்லை. தட்டில் வெங்காயம் மணக்கிறது. வயிறு தொட்டில் பிள்ளை மாதிரி தூங்குகிறது. இன்று எனக்கு லீவு நாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே ரொம்ப நேரமாக நிற்கிறேன். மருந்து உள்ளே செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருக்கிறது. மெல்லத் தட்டினேன்.

"வண்டி நிறைஞ்சிருக்கு மாப்பிள்ளை! அடுத்த வண்டியில வாங்க!"